சுவருக்கு வந்த பணம்

லிலோங்வே
ஜனவரி 14

கொந்துவே மகளுக்கு,

நான் நலம், நீ எப்படியோ. மனைவியானாலும் பெண்ணைத் தகப்பன் வீட்டுப் பெயரால் அழைப்பதைப் போல, வழக்கத்துக்காக எழுதுகிற வரிதான் இது. இந்தத் தடவை நிஜமாகவே நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் எனக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. பிரசவம் ஆகஸ்ட் நடுவில் என்று எழுதியிருக்கிறாய். மருத்துவச்சி நீயே சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது. எங்கள் பிரிவுத் தலைவர் சிராம்போ, "என்னய்யா முசிஸ்கா, லாட்டரி கீட்டரி விழுந்துச்சா? பல்லு வெளியவே நிக்குது" என்றார். ஒரு சிரிப்பு சிரித்து வைத்தேன்.

லாட்டரியும் விழுந்திருக்கிறது. நமக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், அதில் நான்கு வருடம் நீ வடக்கே லுவெங்காவில், நான் இங்கே தலைநகரில், நிதித் துறையில். உனக்கு மாற்றல் கேட்டுப் போகும்போதெல்லாம் ஒரே பதில்தான்: அந்தச் சுகாதார நிலையத்தில் இருப்பதே இரண்டு மருத்துவச்சிகள், பதிலுக்கு ஆள் வந்தால் விடுவோம். புது ஆள் எடுக்க அரசிடம் பணமில்லை. இப்போது ஒரு வெளிநாடு, இதற்கு அதற்கு என்று கட்டிப்போடாமல், நேராக நம் கருவூலத்திலேயே பணம் போட ஒத்துக்கொண்டிருக்கிறது. வரவு செலவுத் திட்டத்தில் வடக்கு மாவட்டங்களுக்கு மருத்துவச்சிப் பணியிடங்களைச் சேர்க்கும் வேலை என் மேசைக்கு வந்தது. லுவெங்காவுக்கு இரண்டு இடம் போட்டேன். ஜூலை முதல் தேதி புது நிதியாண்டு. அவர்கள் வந்ததும் நீ கிளம்பிவிடலாம். நம் பிள்ளை நான் இருக்கிற வீட்டில் பிறக்கும்.

கனமான வாளி தூக்காதே.

லும்பானி

*

லுவெங்கா
பிப்ரவரி 6

முசிஸ்காவுக்கு,

நான் நலம். வாந்தியும் நலம். உசிபா கருவாட்டு வாசனை வந்தாலே நான் வேலிக்கு வெளியே ஓடுகிறேன். கூட வேலை பார்க்கும் கயிரா மகள் அதை வேண்டுமென்றே என் ஜன்னலுக்குக் கீழேதான் வறுக்கிறாள். "புள்ள மீன் தின்னப் பழகட்டும்" என்கிறாள்.

உங்கள் காகிதத்தில் நான் ஏற்கெனவே லிலோங்வேயில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறேன். இங்கே மழையில் பாலம் போய்விட்டது. போன வாரம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பிரசவம் பார்த்தேன்.

நேற்று வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். உங்கள் கருவூலத்துக்காரர்கள் அல்ல, இவர்கள் வேறு. புதிதாக மகப்பேறு வார்டு கட்டித் தருகிறார்களாம். என்ன வேண்டும் என்று கேட்டார்கள். "ஆளு வேணும்" என்றேன். மொழிபெயர்க்க வந்தவர், "அது அவங்க திட்டத்துல வராதும்மா. கட்டடம்தான்" என்றார். "விளக்கு?" என்றேன். "சூரிய விளக்கு வரும்." "அந்த வெளிச்சத்துல பிரசவம் பாக்க ஆளு?" "அது உங்க அரசாங்கத்தோட பொறுப்பு."

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று ஊர்த் தலைவர் முசோவோயா சந்தோஷப்பட்டு ஆடு வெட்டினார். எழுதுகிற கை யாருடையது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. இறைச்சி நன்றாக இருந்தது, அதை மட்டும் வாந்தி எடுக்கவில்லை.

ஜூலை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்பக் கூடாது என்று நினைத்தேன். ஆனாலும் மருந்து வந்த காலி அட்டைப்பெட்டி இரண்டை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், சாமான் கட்ட.

திவோங்கே

*

லிலோங்வே
மார்ச் 22

கொந்துவே மகளுக்கு,

நான் நலம், நீ எப்படியோ. கட்டடம் வந்தால் ஆள் ஏன் வராது என்ற உன் கேள்விக்கு என் மேசையிலிருந்து பதில் சொல்கிறேன்.

வெளியிலிருந்து வருகிற பணமெல்லாம் ஒரே பணமில்லை. ஒருவர் மாவைக் கொண்டுவந்து நம் பானையில் கொட்டுகிறார். யாருக்குப் பசியோ அவருக்கு நாம் அள்ளிப் போடலாம். இன்னொருவர் சமைத்த தட்டைக் கொண்டுவந்து, இது இன்னாருக்கு, மற்றவர் தொடக் கூடாது என்கிறார். உன் வார்டு இரண்டாவது வகை. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு. கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை நம் அரசு போட வேண்டும். போடாவிட்டால் வார்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும்.

"எங்கேயிருந்து எடுக்கிறது?" என்று சிராம்போவிடம் கேட்டேன். "தானமா வர்ற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதய்யா. உங்க மாவட்டத்துக்குள்ளயே எதையாவது தள்ளிப் போடு" என்றார். சம்பளத்தைத் தொட முடியாது. மருந்தைத் தொட மனமில்லை. மிச்சமிருந்தது மாவட்ட மருத்துவமனை ஆம்புலன்ஸின் டீசல். வார்டோடு ஒரு புது ஆம்புலன்ஸும் அதற்கு இரண்டு வருட டீசலும் வருகிறது என்று திட்டத்தில் இருக்கிறது. அப்படியிருக்க, பழைய வண்டிக்கு டீசல் எதற்கு? அந்தத் தொகையைத்தான் எடுத்தேன். ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன் நான், தெரியுமே உனக்கு.

நீ வந்துவிடுவாய். ஆனால் இனிமேல் லுவெங்காவில் யாரும் பல்லில் டார்ச் கடிக்க வேண்டாம். அதை உனக்குச் செய்து கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன். பிள்ளை அசைகிறதா?

லும்பானி

*

லுவெங்கா
மே 5

முசிஸ்காவுக்கு,

அசைகிறது. நான் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறது, எழுந்தால் தூங்குகிறது. உங்கள் வீட்டு ஆள்தான்.

கயிரா மகள் போய்விட்டாள். முசூசுவில் ஒரு மலேரியாத் திட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள், அதுவும் வெளிநாட்டுப் பணம். இங்கே வாங்கியதைப் போல மூன்று மடங்கு சம்பளம். போகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு தங்கச்சி. என்னைத் திட்டாத" என்றாள். நான் திட்டவில்லை. அங்கே அவள் ஒரு பிரசவமும் பார்க்கப் போவதில்லை. கொசுவலை பற்றி வகுப்பு எடுப்பாளாம். பதினெட்டு வருடம் பிரசவம் பார்த்த கை.

இப்போது நான் ஒருத்திதான். இரவும் நான், பகலும் நான். மாவட்டத் தலைநகரில், அதுதான் போமாவில், சுகாதார அதிகாரியிடம் வயர்லெஸ் ரேடியோவில் கெஞ்சினேன். "ஜூலையில ரெண்டு பேரு வர்றாங்கல்ல, அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கம்மா" என்றார். உங்கள் இரண்டு பணியிடம் இங்கே ரேடியோவரைக்கும் வந்துவிட்டது. அதனால் நானும் நம்பத் தொடங்கிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். போமாவின் பழைய ஆம்புலன்ஸ் ஏப்ரலிலிருந்து ஓடவில்லை. புது வண்டி எங்கே? சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது, வண்டியைக் காணோம். ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் அனுப்பினேன். பிழைத்துக்கொண்டாள். அடுத்தவளைப் பற்றித் தெரியாது.

திவோங்கே

*

லிலோங்வே
ஜூன் 9

திவோங்கே,

இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாட்களைக் கடத்தினேன்.

கருவூலத்துக்குப் பணம் போட வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மேலே அவர்களுக்கும் நம்மவர்களுக்கும் என்ன தகராறு என்று எங்களைப் போன்றவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மே மாதம் வர வேண்டியது வரவில்லை. தகராறு தீரும்வரை வராது. பானையில் கொட்டுகிற மாவுக்கு இந்த ஒரு குணம் உண்டு. கொட்டுகிறவர் கையை இழுத்துக்கொண்டால் மொத்த வீடும் பட்டினி. பள்ளத்தை அடைக்க அரசு உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்குகிறது. அந்த வட்டி, மருத்துவமனைகளுக்கு ஒதுக்கியதைவிடப் பெரிய தொகையாக என் தாளில் உட்கார்ந்திருக்கிறது.

புதுப் பணியிடங்கள் அனைத்தையும் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னார்கள். "மனசைக் கல்லாக்கிக்கிட்டு அடிச்சுரு முசிஸ்கா, நீ அடிக்கலேன்னா நான் அடிக்கணும்" என்றார் சிராம்போ. மாவட்டம் மாவட்டமாக அடித்துக்கொண்டு வந்தேன். லுவெங்கா வந்தபோது எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அடித்தேன்.

உன் வார்டு மட்டும் நிற்காது. அது தனித் தட்டு, அந்தத் தகராறு அதைத் தொடாது. கட்டடம் வளரும், ஆள்தான் வராது.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. என் ஒரு சம்பளத்தில் மூன்று பேரும் சாப்பிடலாம். தயவுசெய்து வா.

லும்பானி

*

லுவெங்கா
ஜூன் 21

முசிஸ்காவுக்கு,

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுத உங்களுக்கு எவ்வளவு நேரமானது? தண்ணீர் குடிக்கப் போனீர்களா?

கர்ப்பிணிகள் காத்திருக்கும் கொட்டகையில் இப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். தூரத்து ஊர்களிலிருந்து மெழுகுவர்த்தியும் பிளேடும் மாவு மூட்டையுமாக வந்து வலிக்காகக் காத்துக் கிடக்கிறார்கள். என் வயிற்றையும் அவர்கள் வயிற்றையும் அளந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். "முதல்ல யாரு, நாங்களா நீயா?" என்று ஒருத்தி கேட்டாள். "நீங்க எல்லாம் முடிச்சப்புறம்தான் நான்" என்றேன். நான் கிளம்பினால் அவர்களிடம் என்ன சொல்வது? லிலோங்வேயில் ஒருவர் அடித்துவிட்டார், வீட்டுக்குப் போங்கள் என்றா?

வார்டு முடிந்துவிட்டது. வெள்ளைச் சுவர், சக்கரம் வைத்த கட்டில்கள், தொட்டால் எரியும் விளக்கு. பூட்டியிருக்கிறது. இன்ன மருத்துவச்சி பணியில் இருப்பார் என்று அரசு பெயரோடு எழுதிக் கொடுத்தால்தான் ஒப்படைப்பார்களாம். புது ஆம்புலன்ஸ் போமாவில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. திறப்பு விழாவில்தான் சாவி தருவார்கள். நான் பழைய அறையில் பிரசவம் பார்த்துவிட்டு, கை கழுவ வெளியே வந்து அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கட்டில்களைப் பார்க்கிறேன்.

ஜூலை கடைசியில் மகப்பேறு விடுப்பு எடுப்பேன். அது என் உரிமை, யாரும் அடிக்க முடியாது. அன்றைக்கு வருகிறேன். உங்களுக்காக அல்ல, வயிற்றில் இருக்கிற இதற்காக.

திவோங்கே

*

லிலோங்வே
ஜூலை 6

கொந்துவே மகளுக்கு,

உன் கோபத்தை ஏற்றுக்கொள்கிறேன். நீ வருகிறாய், அது போதும். தொட்டில் வாங்கிவிட்டேன். கடைக்காரன் நீலமா சிவப்பா என்று கேட்டான், தெரியாமல் இரண்டு துணி வாங்கினேன்.

வார்டு பூட்டிக் கிடப்பதைப் படித்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒப்படைப்புக் காகிதம் தலைமை அலுவலகத்தில் பெயர் இல்லாமல் தேங்கிக் கிடந்தது. போடுவதற்கு ஒரு பெயர் வேண்டும். லுவெங்காவில் இருப்பது ஒரே பெயர். உன் பெயரை எழுதி அனுப்பச் செய்தேன். வெறும் காகிதத்துக்குத்தான். நம் அலுவலகங்களில் காகிதத்தில் இருக்கிறவர்களெல்லாம் நாற்காலியிலா இருக்கிறார்கள்? பூட்டைத் திறந்து வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண்களுக்கு வெளிச்சம் கிடைக்கும். நீ மாதக் கடைசியில் விடுப்பில் வந்துவிடுவாய்.

ஒரு நல்ல காரியமாவது என் கையால் நடக்கட்டும் என்று செய்தேன்.

லும்பானி

*

லுவெங்கா
ஜூலை 24

முசிஸ்காவுக்கு,

என் விடுப்பை நிறுத்திவிட்டார்கள். அதிகாரியே ரேடியோவில் சொன்னார். "உன் பேருதான்ம்மா காகிதத்துல இருக்கு. ஆகஸ்ட் ஆறாம் தேதி அவங்க தூதர் வர்றாரு. வாசல்ல நிக்க வேண்டியவளே இல்லேன்னா வார்டும் போச்சு, வண்டியும் போச்சு. விழா முடிஞ்ச மறுநாள் நானே உன்னை பஸ் ஏத்தி விடுறேன்" என்றார். என் பெயரை யார் எழுதினார்கள் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. புருஷன் செய்த உதவி என்று எப்படிச் சொல்வது?

பூட்டு இன்னும் திறக்கவில்லை. அதுவும் ஆறாம் தேதிதான்.

காலெல்லாம் வீக்கம். அமுக்கினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. நேற்றிலிருந்து தலைவலி. இரத்த அழுத்தம் பார்த்தேன், ஏறியிருக்கிறது. இன்னொருத்திக்கு இப்படி இருந்தால் அந்த நிமிடமே போமாவுக்கு அனுப்பியிருப்பேன். போக வண்டியில்லை. என்னை அனுப்ப நான் மட்டும்தான் இருக்கிறேன். கொட்டகையில் ஒரு சின்னப் பெண்ணுக்கு இன்றோ நாளையோ வலி வரும், முதல் பிரசவம். அவளை முடித்துவிட்டு எப்படியாவது ரோட்டுக்குப் போய்விடுவேன்.

பயமாக இருக்கிறது லும்பானி.

திவோங்கே

*

லிலோங்வே
ஆகஸ்ட் 25

திவோங்கே,

நான் மருத்துவமனையில் உன் பக்கத்தில் இருந்த நாட்களில் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். உன் கடைசிக் கடிதம் நான் திரும்பிவந்த பிறகுதான் என் கைக்குக் கிடைத்தது.

நடந்ததைத் தலைவர் முசோவோயாதான் சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணின் பிள்ளையை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே நீ விழுந்தாயாமே. "ரேடியோவுல கூப்பிட்டோம் தம்பி" என்றார். "பழைய வண்டிக்கு டீசல் இல்லன்னாங்க. புது வண்டிய எடுங்கய்யான்னேன். ஒப்படைக்காத வண்டிய எடுத்தா வேலை போயிரும்னாங்க. மாட்டு வண்டியில ரோடு வரைக்கும் கொண்டாந்தோம். புகையிலை லாரிக்காரன் ஒருத்தன் ஏத்திக்கிட்டான். அந்தப் பொண்ணு வழியெல்லாம் தன் நாடியத் தானே பிடிச்சுப் பாத்துக்கிட்டு வந்துச்சு. அப்புறம் வயித்து மேல கைய வச்சு ரொம்ப நேரம் இருந்துச்சு. 'அசையல தலைவரே. மெதுவாவே ஓட்டச் சொல்லுங்க, இனி அவசரமில்ல'ன்னுச்சு. லாரிக்காரன் அதக் கேட்டுட்டு இன்னும் வேகமா ஓட்டினான்." சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

விழா தேதி மாறாமல் நடந்ததாம். போமாவிலிருந்து ஒரு நர்சைக் கூட்டிவந்து உன் இடத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்களாம்.

டீசலை எடுத்தவன் நான். பணியிடத்தை அடித்தவன் நான். உன் பெயரை எழுதியவனும் நான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் சரியாகவும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உயிரில்லாமல் பிறந்த பிள்ளையைப் பெண்கள் மட்டுமே கொண்டுபோய்ப் புதைப்பது நம் வழக்கம். நான் முதல் நாளே வந்திருந்தாலும் என்னை விட்டிருக்க மாட்டார்கள். பெண் என்று மட்டும் சொன்னார்கள். நீ பார்த்தாய். நான் பார்க்கவில்லை. அவள் யாரைப் போல் இருந்தாள்? அதையாவது எழுது.

லும்பானி

*

லிலோங்வே
அக்டோபர் 4

திவோங்கே,

நீ பதில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

தகராறு தீர்ந்துவிட்டது. யாரோ யாரோடோ கைகுலுக்கிக்கொண்டார்கள், பணம் வந்துவிட்டது. பணியிடங்களைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். லுவெங்காவுக்கு இரண்டு பேர் இந்த மாதமே வருகிறார்கள். பழைய வண்டியின் டீசலையும் திருப்பிப் போட்டேன். சிராம்போ, "இதை நீயே அனுப்பு" என்று உன் மாற்றல் உத்தரவை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு வருடம் கேட்டது இதுதான்.

தொட்டிலைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். வாசல்வரை போய்த் திரும்பிவந்தேன். நீ வா. பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். இந்த வீட்டில் நீயும் இரு. யாரைப் போல் இருந்தாள் என்று கேட்டேனே, வந்து சொன்னாலும் சரி.

லும்பானி

*

லுவெங்கா
அக்டோபர் 19

முசிஸ்காவுக்கு,

உத்தரவு கிடைத்தது. புது மருத்துவச்சிகளும் வந்துவிட்டார்கள். நல்ல பெண்கள், கை சுத்தம். வார்டு நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகளை எடுத்தோம். போமாவுக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு வண்டி வருகிறது.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். வேறு யாராவது என்றால் லுவெங்காவுக்காகத் தண்ணீர் குடிக்க எழுந்துகூடப் போயிருக்க மாட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. இரவில் படுத்துக்கொண்டு உங்கள் பக்கம் நியாயத்தை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். விடியும்போது மறுபடியும் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் விழிக்கிறேன்.

யாரைப் போல் இருந்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் தெரியாமல் நான் எழுதாமல் இருக்கவில்லை.

கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். உங்கள் நெற்றி. உங்கள் மூக்கு. கணக்குப் பார்க்கும்போது கீழுதட்டை உள்ளே மடிப்பீர்களே, அதுகூட அப்படியே இருந்தது. என்னிடமிருந்து அவள் எதையுமே எடுத்துக்கொள்ளவில்லை. ஆயுசுக்கும் பார்க்க வேண்டியதை அந்தக் கொஞ்ச நேரத்தில் பார்த்துக்கொண்டேன்.

அந்த முகத்துக்கு எதிரே தினமும் காலையில் உட்கார்ந்து தேநீர் ஊற்ற என்னால் முடியாது. உத்தரவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

திவோங்கே